வக்கீல் இல்லாமல் யார் பேசலாம்? சிறுதொகை வழக்குகளில் நான்கு நாட்டு வழிகள்

மொட்டை மாடியில் கூரை போட்டுத் தருகிறேன் என்று ஒரு கான்ட்ராக்டர் முன்பணம் வாங்குகிறார். நாலு தூண் நட்டதும் ஆளைக் காணோம். பணம் கொடுத்தவருக்கு எழுபது வயது. ரசீது, வாட்ஸ்அப் செய்தி, போட்டோ எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. ஆனால் நீதிபதி முன்னால் நின்று கோர்வையாகப் பேச வராது. வக்கீல் வைத்தால் வர வேண்டிய பணத்தில் பெரும்பங்கு ஃபீஸுக்கே போய்விடும். வீட்டில் மருமகள் விவரமானவர். "நான் வந்து பேசுறேன் மாமா" என்கிறார். அவரைப் பேச விடுவார்களா?

கலிஃபோர்னியாவில் பொதுவாக மாட்டார்கள். கனடாவின் ஒன்டாரியோவில், சம்பளம் வாங்காமல் பேசினால் விடுவார்கள். இங்கிலாந்தில் மாமனாரும் அதே அறையில் உட்கார்ந்திருந்தால் விடுவார்கள். இந்தியாவில் எந்தக் கதவைத் தட்டுகிறோம் என்பதைப் பொறுத்தது. நுகர்வோர் ஆணையம் என்றால் வழி உண்டு, சிவில் கோர்ட் என்றால் நீதிபதியின் தனி அனுமதி வேண்டும்.

இந்த நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்முன் ஒன்றைப் பிரித்துவிடலாம். "வக்கீல் அல்லாதவர்" என்ற ஒரே பெயரில் இரண்டு வகை ஆட்கள் வருகிறார்கள். ஒருவர் மேலே சொன்ன மருமகள்: ஒரே வழக்கு, காசு இல்லை, நாளைக்கு அவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவார். இன்னொருவர் இதையே பிழைப்பாக வைத்திருப்பவர்: ஓய்வு பெற்ற குமாஸ்தா, மனு எழுதிக் கொடுப்பவர், ஏஜென்ட், பாராலீகல் (வக்கீலாக இல்லாமல் சட்ட வேலை செய்பவர்), எந்தப் பெயரிலும் இருக்கலாம். முதல் ஆளால் வரும் ஆபத்து அனுபவமின்மை மட்டும்தான். இரண்டாவது ஆளிடம் அனுபவம் இருக்கும், ஆபத்து வேறு பக்கத்திலிருந்து வரும்: பணத்தை வாங்கிக்கொண்டு வழக்கைத் தூங்க வைத்தால் யாரிடம் போய்க் கேட்பது? இந்த இருவரையும் ஒரே விதியில் அடைக்கப் பார்க்கும் இடங்களில்தான் குழப்பம் வருகிறது.

கலிஃபோர்னியா: யாருமே வேண்டாம்

கலிஃபோர்னியாவின் 'ஸ்மால் கிளெய்ம்ஸ்' (சிறுதொகை வழக்கு) நீதிமன்றத்தில் தனிநபர் 12,500 டாலர் வரை கேட்கலாம், நிறுவனம் 6,250 டாலர் வரை. இந்த வரம்பு 2024 முதல் நடப்பில் இருக்கிறது. வழக்குப் பதிய 30 முதல் 75 டாலர் ஆகும். வக்கீலுக்கு அனுமதி கிடையாது. வக்கீல் தன் சொந்த வழக்குக்கு வந்தால் மட்டும் விதிவிலக்கு. மிச்சிகன், நெப்ராஸ்கா மாநிலங்களிலும் வக்கீலுக்குக் கதவு மூடித்தான் இருக்கிறது. சிங்கப்பூரின் சிறு கோரிக்கை தீர்ப்பாயம் 1985 முதல் இதே வழியில் நடக்கிறது. வரம்பு 20,000 சிங்கப்பூர் டாலர், இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் 30,000. இலங்கையின் மத்தியஸ்த சபைகளிலும் சட்டத்தரணிகள் ஆஜராக முடியாது, அங்கே 1988ஆம் ஆண்டுச் சட்டம்.

இதன் பின்னால் இருக்கும் எண்ணம் நல்லதுதான். இருவருக்கும் ஆயுதம் கிடையாது, உள்ளதைச் சொல்லுங்கள், நீதிபதி கேட்டுத் தீர்ப்புச் சொல்வார். ஆனால் நிறுவனம் என்பது நேரில் வந்து நிற்க முடியாத ஒன்று, அது யாரையாவது அனுப்பித்தான் ஆக வேண்டும். கலிஃபோர்னியச் சட்டம் இதை யோசித்து ஒரு நிபந்தனை வைத்திருக்கிறது: வரும் ஊழியர், இந்த நீதிமன்றத்தில் நிறுவனத்துக்காகப் பேசுவதற்கென்றே வேலைக்கு வைக்கப்பட்டவராக இருக்கக் கூடாது. சரி, நல்ல நிபந்தனை. ஆனால் ஒரு கடையின் மேலாளர் இந்த நீதிமன்றத்துக்கு அடிக்கடி வந்துபோகிறவராக இருந்தால், அவருக்கு வக்கீல் பட்டம் தேவையே இல்லை. நீதிபதி எதை முதலில் கேட்பார், எந்தக் காகிதத்தை மேலே வைக்க வேண்டும் எல்லாம் பழகியிருக்கும். எதிரே நிற்பவருக்கோ வாழ்க்கையில் முதல் தடவை.

கலிஃபோர்னியாவைப் பாராட்ட வேண்டியது, இந்த இடைவெளியைக் குறைக்கத் தடையோடு கூட வேறு சிலவற்றையும் செய்திருப்பதற்காக. கடனை விலைக்கு வாங்கி வசூல் செய்யும் கம்பெனிகள் இந்த நீதிமன்றத்தில் வழக்குப் போடவே முடியாது. 2,500 டாலருக்கு மேற்பட்ட வழக்கை ஒருவர் ஆண்டுக்கு இரண்டுதான் போடலாம். ஒவ்வொரு கவுன்டியிலும் இலவச ஆலோசகர் உண்டு. மனுவை எப்படி நிரப்புவது, எதிர்த்தரப்பின் சரியான பெயரை எப்படிக் கண்டுபிடிப்பது, தீர்ப்புக்குப் பிறகு பணத்தை எப்படி வசூலிப்பது என்று சொல்லிக்கொடுப்பார். கூட வந்து பேச மாட்டார். தன் வழக்கைத் தானே ஒழுங்காகச் சொல்ல முடியாதவருக்கு இன்னொருவர் துணை செய்ய நீதிபதி அனுமதிக்கலாம். நம் மருமகளுக்கு அங்கே உள்ள ஒரே இடுக்கு அதுதான்.

ஓட்டை அப்பீலில் இருக்கிறது. வழக்குப் போட்டவர் தோற்றால் அப்பீல் கிடையாது. எதிர்த்தரப்பு தோற்றால் மேல் நீதிமன்றத்துக்குப் போகலாம், அங்கே வழக்கு முதலிலிருந்து புதிதாக விசாரிக்கப்படும், வக்கீலும் வரலாம். அதாவது பெரியவர் தட்டுத்தடுமாறித் தானே பேசி ஜெயித்தால், அடுத்த சுற்றில் கான்ட்ராக்டர் வக்கீலோடு வந்து நிற்கலாம். வேண்டுமானால் பெரியவரும் ஒரு வக்கீலைப் பிடிக்கலாம். எந்தச் செலவைத் தவிர்க்க இந்த நீதிமன்றத்துக்கு வந்தாரோ அதே செலவு.

ஒன்டாரியோ: லைசென்ஸ் வாங்கிக்கொண்டு வா

நான்கில் மிக விரிவாகக் கட்டப்பட்ட ஏற்பாடு ஒன்டாரியோவுடையது. அதன் கதையும் சுவாரசியமானது.

அங்கே ஒரு காலத்தில் கட்டணம் வாங்கிக்கொண்டு பேசும் ஏஜென்ட்டுகள் எந்த லைசென்ஸும் இல்லாமல்தான் இருந்தார்கள். போக்குவரத்து அபராத வழக்குகளில் பிறருக்காக வாதாடுவது ஒரு தொழிலாகவே வளர்ந்தது. முன்னாள் போலீஸ்காரர்கள் அதில் இறங்கினார்கள். வழக்கறிஞர் சங்கம் எதிர்த்து நீதிமன்றத்துக்குப் போனது. 1987இல் மாகாண மேல்முறையீட்டு நீதிமன்றம், அந்த வழக்குகளில் ஏஜென்ட் காசு வாங்கிக்கொண்டு ஆஜராகலாம் என்றது. அப்புறம் சந்தை பெருகியது, புகார்களும் பெருகின. 2000ஆம் ஆண்டில், கனடிய உச்ச நீதிமன்றத்தின் முன்னாள் நீதிபதி பீட்டர் கோரி அரசுக்கு ஓர் அறிக்கை கொடுத்தார். பாராலீகல்களுக்கு லைசென்ஸ் வேண்டும், ஆனால் அதைக் கொடுக்கும் அமைப்பு வழக்கறிஞர் சங்கத்திலிருந்து தனித்து இருக்க வேண்டும் என்பது அவர் கருத்து. அரசு முதல் பாதியை எடுத்துக்கொண்டது, இரண்டாவது பாதியை விட்டுவிட்டது. 2006ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, 2007 மே 1 முதல் பாராலீகல்களை ஒழுங்குபடுத்தும் பொறுப்பு வழக்கறிஞர் சங்கத்திடமே வந்தது. போட்டிக் கடைக்காரரிடமே லைசென்ஸ் வாங்கச் சொன்ன மாதிரி என்று அன்று முணுமுணுப்பு எழுந்ததில் ஆச்சரியமில்லை.

ஆனால் நடைமுறையில் அது ஓடிக்கொண்டிருக்கிறது. பாராலீகல் ஆக அங்கீகரிக்கப்பட்ட கல்லூரிப் படிப்பு, களப்பயிற்சி, தேர்வு, நன்னடத்தைச் சோதனை எல்லாம் உண்டு. தவறு நேர்ந்தால் ஈடு கொடுக்கத் தொழில் காப்பீடு கட்டாயம். கட்சிக்காரர் பணத்தை மோசடி செய்தால் கேட்க இழப்பீட்டு நிதி இருக்கிறது. ஒழுங்கு நடவடிக்கைக்குத் தீர்ப்பாயம் இருக்கிறது. மேலே கேட்டோமே, பணத்தை வாங்கிக்கொண்டு தூங்கினால் யாரிடம் போய்க் கேட்பது என்று, அந்தக் கேள்விக்கு முகவரியோடு பதில் வைத்திருப்பது நான்கில் ஒன்டாரியோதான்.

பாராலீகல் தொடக்கம் முதல் முடிவு வரை செய்யலாம்: மனு தயாரிக்கலாம், தாக்கல் செய்யலாம், சமரசப் பேச்சில் உட்காரலாம், விசாரணையில் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யலாம். சிறுதொகை நீதிமன்றத்தின் வரம்பு உயர உயர அவர்களின் களமும் விரிந்தது. 2010இல் 10,000 டாலரிலிருந்து 25,000, 2020இல் 35,000, 2025 அக்டோபரிலிருந்து 50,000 கனடிய டாலர். நம் கணக்கில் 30 லட்சம் ரூபாய்க்கு மேல். இதைச் சிறுதொகை என்று சொல்லக் கொஞ்சம் துணிச்சல் வேண்டும். இந்த அளவுள்ள வழக்கில் பயிற்சி பெற்ற ஒருவர் பக்கத்தில் இருப்பது ஆடம்பரம் இல்லை.

டொரோன்டோவின் ஸ்கார்பரோ பக்கம் போனால் தமிழ்ப் பெயர்ப்பலகையோடு பாராலீகல் அலுவலகங்களைப் பார்க்கலாம். இதை ஒரு சின்ன விஷயம் என்று நினைக்கவில்லை. பெரியவர் தன் கதையை யாழ்ப்பாணத் தமிழில் முழுசாகச் சொல்ல, கேட்பவர் அதை நீதிமன்ற ஆங்கிலத்தில் காகிதமாக்குகிறார். கதையில் பாதி மொழிபெயர்ப்பிலேயே உதிர்ந்துபோகாமல் இருக்க இதைவிட நல்ல வழி கிடையாது.

குறை எங்கே? செலவில். ஒன்டாரியோ சட்டப்படி, ஜெயித்தவருக்குத் தோற்றவர் கொடுக்க வேண்டிய பிரதிநிதிக் கட்டணம் பொதுவாகக் கோரிய தொகையில் 15 சதவீதத்தைத் தாண்டாது. கூரை வழக்கு 8,000 டாலர் என்றால் உச்சம் 1,200. பாராலீகல் அதற்கு மேல் பில் போட்டால் மீதி நம் கையிலிருந்து. 3,000 டாலர் வழக்கென்றால் 450 டாலர்தான். ஒரு முழு நாள் விசாரணைக்கு அந்தக் காசில் ஆள் கிடைப்பது கஷ்டம். ஆக, லைசென்ஸ் முறை தரத்துக்குப் பதில் சொல்கிறது. மிகச் சிறிய தொகைக்குப் பதில் சொல்லவில்லை.

அதற்குத்தான் இன்னொரு கதவு. காசு வாங்காமல், இதைத் தொழிலாகச் செய்யாமல், உறவினருக்காகப் பேசலாம். நண்பருக்கோ பக்கத்து வீட்டுக்காரருக்கோ பேசலாம், ஆண்டுக்கு மூன்று வழக்கு வரை. உறவினர் என்றால் யார் என்பதற்கு அவர்கள் வருமான வரிச் சட்டத்தின் விளக்கத்தை எடுத்துக்கொள்கிறார்கள், திருமண வழி உறவும் அதில் அடங்கும். எனவே மருமகளுக்கு இடம் உண்டு. எனக்குப் பிடித்தது அந்த 'மூன்று' என்ற எண். உதவிக்கும் தொழிலுக்கும் நடுவில் எங்கே கோடு போடுவது என்று தலையைப் பிய்த்துக்கொள்ளாமல், ஒரு எண்ணை எழுதி முடித்துவிட்டார்கள்.

இங்கிலாந்து: யார் வேண்டுமானாலும், ஆனால் நீங்களும் வாருங்கள்

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சிறுதொகை வழக்கின் பொதுவான வரம்பு 2013 முதல் 10,000 பவுண்டு. விசாரிப்பவர் மாவட்ட நீதிபதி. பெரும்பாலும் சின்ன அறை, மேஜை, நாற்காலி, அவ்வளவுதான். பொதுவாக நீதிமன்றங்களில் வக்கீல் இல்லாதவருக்கு 'மெக்கன்சி நண்பர்' என்று ஒருவரைக் கூட உட்கார வைத்துக்கொள்ள அனுமதி உண்டு. 1970இல் ஒரு விவாகரத்து வழக்கில், கணவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து காதில் யோசனை சொன்ன ஆஸ்திரேலிய பாரிஸ்டர் ஒருவரை நீதிபதி விலகச் சொன்னதிலிருந்து பிறந்த பெயர் அது. அந்த நண்பர் கிசுகிசுக்கலாம், குறிப்பெழுதலாம், ஆனால் தானே வாதாட அவருக்கு உரிமை இல்லை.

சிறுதொகை விசாரணையில் அந்தக் கட்டுப்பாடு இல்லை. 1999ஆம் ஆண்டு ஆணை ஒன்றின்படி எந்தச் சாதாரண ஆளும் ஒருவருக்காக வாய்விட்டுப் பேசலாம். தேர்வு இல்லை, லைசென்ஸ் இல்லை, காப்பீடு இல்லை. கட்டணம்கூட வாங்கலாம், ஆனால் அதைத் தோற்றவரிடமிருந்து வசூலிக்க முடியாது. நிபந்தனை முக்கியமாக ஒன்று: யாருக்காகப் பேசுகிறாரோ அவர் விசாரணைக்கு வந்திருக்க வேண்டும். தீர்ப்புக்குப் பிறகும் அப்பீலிலும் இந்த உரிமை கிடையாது. இந்த எல்லைகளைத் தாண்டியும் ஒருவரைக் கேட்கலாம் என்று நீதிபதி நினைத்தால் அவர் இஷ்டம்.

படிக்கும்போது சாதாரணமாகத் தெரியும் அந்த நிபந்தனை எவ்வளவு வேலை செய்கிறது என்று யோசித்துப் பாருங்கள். நீதிபதிக்குச் சந்தேகம் வந்தால் திரும்பி, "முன்பணம் கொடுத்த அன்றைக்கு அவர் என்ன சொன்னார்?" என்று நேரடியாகப் பெரியவரையே கேட்கலாம். பிரதிநிதி என்ன பேசுகிறார், எதை விட்டுவிட்டார் என்பது பெரியவர் காதிலேயே விழும். முதுகுக்குப் பின்னால் எதிர்த்தரப்போடு ஒரு தொகையைப் பேசி முடிக்க முடியாது. கட்சிக்காரர்களை வீட்டில் உட்கார வைத்துவிட்டு ஒரே ஆள் காலையில் பத்து வழக்கு வாங்கி ஓடும் வியாபாரமும் அங்கே வளராது. ஒரு பைசா செலவில்லாமல் லைசென்ஸ் செய்யும் வேலையில் கணிசமான பங்கை அந்த நாற்காலி செய்துவிடுகிறது.

திறந்த கதவு அங்கே ஆபத்தாகாமல் இருப்பதற்கு இன்னொரு காரணம், தோற்றாலும் பெரிய அடி விழாது. வழக்கமாகத் தோற்றவர் கட்ட வேண்டியது நீதிமன்றக் கட்டணம், பயணச் செலவு, சாட்சிக்கோ கட்சிக்காரருக்கோ வேலை போனதற்கு நாளுக்கு 95 பவுண்டு வரை, இந்த மாதிரி சில. எதிர்த்தரப்பு பெரிய சட்ட நிறுவனத்தைக் கூட்டி வந்திருந்தாலும் அந்தப் பில்லை நம் தலையில் கட்ட முடியாது, நாம் முறையற்று நடந்துகொண்டால் ஒழிய. மருமகள் சொதப்பினாலும் நஷ்டத்துக்கு ஒரு கூரை இருக்கிறது. 2024 மே முதல் பண வழக்குகளில் விசாரணைக்கு முன் ஒரு மணி நேர இலவசத் தொலைபேசி சமரசமும் கட்டாயம். அதிலேயே சில வழக்குகள் முடிந்துவிடும்.

எனக்கு இடிப்பது வேறு இடத்தில். பிரதிநிதி விசாரணையில் பேசலாம், ஆனால் 'வழக்கை நடத்துவது', அதாவது தொடுப்பது, முறைப்படி அடுத்தடுத்த அடிகளை எடுத்து வைப்பது, உரிமம் பெற்றவர்களுக்கு மட்டுமே ஒதுக்கப்பட்டது. படிவம் நிரப்பக் கூட உட்கார்ந்து உதவலாம், அதற்கு மேல் போனால் சட்டப்படி சிக்கல். இது தலைகீழ் என்று தோன்றுகிறது. சிறுதொகை வழக்கு பாழாவது பெரும்பாலும் அறைக்குள் இல்லை, அதற்கு வெகு முன்பே, காகிதத்தில். கம்பெனியின் மேல் போட வேண்டிய வழக்கை முதலாளி பெயரில் போடுவது, காலக்கெடுவைத் தவற விடுவது, வட்டி கேட்க மறப்பது, முக்கியமான ரசீதை இணைக்காமல் விடுவது. இவை நடந்தபின் விசாரணை நாளில் எவ்வளவு அழகாகப் பேசினாலும் பயன் குறைவு.

இந்த ஒரு கோணத்தில் வைத்துப் பார்த்தால் மூன்றும் பளிச்சென்று பிரிந்து நிற்கின்றன. கலிஃபோர்னியா வாசலுக்கு வெளியே உதவுகிறது, உள்ளே தனியாக அனுப்புகிறது. இங்கிலாந்து உள்ளே துணைக்கு ஆள் விடுகிறது, வெளியே பெரும்பாலும் உங்கள் பாடு என்கிறது. ஒன்டாரியோ இரண்டு இடத்திலும் ஆள் தருகிறது, பில்லோடு.

யாருக்குத் திறக்கிறோம் என்ற கேள்வி

நம் ஊருக்கு வருமுன் அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்தை ஒரு பார்வை பார்க்கலாம். அங்கே சிறு வழக்குகளையும் வாடகை வீட்டு வழக்குகளையும் ஒரே கீழ் நீதிமன்றம்தான் பார்க்கிறது. வீட்டுச் சொந்தக்காரர் வக்கீலுக்குப் பதில் தன் ஏஜென்ட்டை அனுப்பிக் குடித்தனக்காரரை வெளியேற்றும் வழக்கை நடத்தலாம் என்ற ஏற்பாடு அங்கே நெடுநாளாக இருந்தது. குடித்தனக்காரருக்கு வக்கீல் அல்லாத பிரதிநிதி கிடைக்க விதி வந்தது 2022இல்தான். வக்கீல் அல்லாதவரை அனுமதித்தால் ஏழைக்கு நல்லது என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லிவிட முடியாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேவையில்லை. கதவு எந்தப் பக்கமாகத் திறக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

இந்தியா: ஒரு கதவு மூடி, ஒரு கதவு ஒருக்களித்து

நம் நாட்டில் ஒரு காலத்தில் பல படிகளில் சட்டத் தொழிலாளர்கள் இருந்தார்கள். 1879ஆம் ஆண்டுச் சட்டம் பிளீடர், முக்தார், வருவாய் ஏஜென்ட் என்று பல வகையினரை அங்கீகரித்தது. 1961இன் வழக்கறிஞர்கள் சட்டம் அந்தப் படிகளைக் கலைத்து, இனி தொழில் செய்ய ஒரே வகை, அதுதான் வழக்கறிஞர் என்றது. அதன் 32ஆம் பிரிவு ஒரு சின்ன ஜன்னலை விட்டுவைத்திருக்கிறது: குறிப்பிட்ட ஒரு வழக்கில் வழக்கறிஞர் அல்லாத ஒருவர் ஆஜராக நீதிமன்றம் அனுமதிக்கலாம். அது உரிமை அல்ல, அனுமதி.

இங்கே பலர் ஏமாறும் இடம் பவர் பத்திரம். "அப்பா எனக்குப் பவர் எழுதிக் கொடுத்திருக்கார், நான் வாதாடுறேன்" என்று கிளம்புவார்கள். முடியாது. பவர் வாங்கியவர் ஆஜராகலாம், காகிதத்தில் கையெழுத்துப் போடலாம், ஆனால் வாதாடும் உரிமை அதனால் வந்துவிடாது. கோர்ட் அனுமதி வேண்டும் என்று 1999இல் ஒரு கேரள வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. சென்னையில் சிறு வழக்குகள் நீதிமன்றம் என்ற பெயரில் 1882ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் ஒரு நீதிமன்றம் இருக்கிறதே என்று கேட்கலாம். பெயர்தான் ஒன்று. அங்கும் வக்காலத்து, வாய்தா, கறுப்பு கோட்டுதான்.

கூரை வழக்கு இங்கே போக வேண்டிய இடம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த பணம் 50 லட்சம் வரை இருந்தால் அங்கேதான், 5 லட்சம் வரை கட்டணமே இல்லை. ஏஜென்ட் மூலம் ஆஜராகும் வழி ஆரம்பத்திலிருந்தே இருந்தது. மும்பையில் சுற்றுலா நடத்துநர்கள் மீதான புகாரில், புகார் கொடுத்தவரின் ஏஜென்ட் வழக்கறிஞர் இல்லை, அவர் பேசக் கூடாது என்று எதிர்த்தரப்பு கிளப்பிய ஆட்சேபம் உச்ச நீதிமன்றம் வரை போனது. 2011 ஆகஸ்டில் வந்த தீர்ப்பு, ஏஜென்ட் நுகர்வோர் மன்றத்தில் ஆஜராகலாம், அது வழக்கறிஞர் தொழில் செய்வதாக ஆகாது என்றது. கூடவே, இவர்களை ஒழுங்குபடுத்த விதி செய்யுங்கள் என்று தேசிய ஆணையத்துக்கு உத்தரவிட்டது. 2014இல் அந்த விதிகள் வந்தன.

நமக்கு இது அந்நியமான யோசனை இல்லை என்பதற்குத் தொழிலாளர் நீதிமன்றங்களே சாட்சி. 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறுச் சட்டத்தின் 36ஆம் பிரிவு, தொழிலாளிக்காகச் சங்க நிர்வாகி பேசலாம் என்றது. சமரசப் பேச்சில் வக்கீலுக்கு இடமே இல்லை. தீர்ப்பாயத்தில் எதிர்த்தரப்பு சம்மதித்து, தீர்ப்பாயமும் அனுமதித்தால்தான் வக்கீல். சட்டக் கல்லூரி வாசலை மிதிக்காத தொழிற்சங்கத்துக்காரர்கள் நிர்வாகத்தின் சாட்சிகளைக் குடைந்தெடுத்த இடம் அது. நிர்வாகம் சும்மா இருந்ததா? முதலாளிகள் சங்கத்தின் பொறுப்பாளர் என்ற முறையில் வக்கீலையே உள்ளே கொண்டுவந்தது. 1976இல் பாரதீப் துறைமுக வழக்கில், உண்மையிலேயே அப்படிப் பொறுப்பில் இருப்பவர் வக்கீலாக இருந்தாலும் வரலாம் என்று உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. தடை போடும் எல்லா ஏற்பாட்டுக்கும் இதுதான் கதி. காசுள்ள தரப்பு சுற்றுவழி கண்டுபிடிக்கும்.

நுகர்வோர் ஆணையத்தின் பிரச்சினை சட்டத்தில் இல்லை, நடப்பில் இருக்கிறது. எதிர்த்தரப்பு இன்சூரன்ஸ் கம்பெனியோ வங்கியோ என்றால் வருவது அவர்கள் பட்டியலில் உள்ள வழக்கறிஞர். பதில் மனு, நிரூபண வாக்குமூலம், எழுத்துவாதம் என்று அது மெல்ல மெல்லச் சிவில் கோர்ட்டின் தம்பியாகிவிட்டது. சாதாரணப் புகாரை மூன்று மாதத்தில் முடிக்கப் பார்க்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. பல புகார்கள் ஆண்டுக்கணக்கில் இழுக்கின்றன. மருமகள் எத்தனை வாய்தாவுக்கு வேலைக்கு லீவு போடுவார்? அவர் சோர்ந்துபோகும் நேரத்தில்தான் அந்த இரண்டாவது வகை ஆள் வந்து சேருகிறார். நல்லவராகவும் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். அவர் கெடுத்தால் புகார் சொல்ல ஒன்டாரியோவில் இருப்பது போன்ற ஓர் அமைப்பை இங்கே காட்ட முடியவில்லை.

வழக்கறிஞர் என்றால் அவர்மீது புகார் சொல்லப் பார் கவுன்சில் இருக்கிறது, உண்மை. ஆனால் இங்கேயும் ஒரு வேடிக்கை: வழக்கறிஞரின் சேவைக் குறைபாட்டுக்காக நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட முடியாது என்று 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. டாக்டர் மீது போடலாம், கான்ட்ராக்டர் மீது போடலாம், அந்த வழக்கை நடத்தும் வக்கீல் மீது கூடாது. வக்கீல் அல்லாதவர்களுக்குப் பொறுப்பில்லை என்று வக்கீல் சங்கங்கள் சொல்லும்போது இதையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்க வேண்டும்.

எனக்கு எது சரியாகப் படுகிறது

முழுத் தடை எனக்கு ஒப்பவில்லை. கலிஃபோர்னியாவில் அது ஓரளவு நியாயமாக நடப்பது அந்த இலவச ஆலோசகராலும், வசூல் கம்பெனிகளை வெளியே நிறுத்தியதாலும்தான். அவை இரண்டையும் விட்டுவிட்டுத் தடையை மட்டும் வேறு ஊர் எடுத்துக்கொண்டால் திக்குவாய்க்காரரும் மொழி தெரியாதவரும் தனியாக நிற்பார்கள், பழகிய மேலாளர் ஜெயிப்பார்.

காசு வாங்காத உறவினர், நண்பர் விஷயத்தில் இங்கிலாந்தின் நிபந்தனையையும் ஒன்டாரியோவின் எண்ணையும் சேர்த்தால் போதும்: கட்சிக்காரர் கூட இருக்க வேண்டும், ஓர் ஆள் ஆண்டுக்கு மூன்று வழக்குக்கு மேல் கூடாது. நம் நுகர்வோர் ஆணையங்களில் இதை நாளைக்கே செய்யலாம். நடமாட முடியாதவர் காணொளியில் உட்காரலாம்.

காசு வாங்குபவருக்கு ஒன்டாரியோ வழியைத் தவிர வேறு எதையும் நான் ஏற்க மாட்டேன்: பயிற்சி, பதிவு, காப்பீடு, புகார் சொல்ல ஓர் இடம். ஒரே திருத்தம், நீதிபதி பீட்டர் கோரி சொன்னபடி அந்த அமைப்பு வழக்கறிஞர் சங்கத்தின் கையில் இருக்கக் கூடாது. பார் கவுன்சிலிடம் கொடுத்தால் இங்கே அது எந்தக் காலத்தில் நடக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் இந்த இரண்டையும்விட முதலில் செய்ய வேண்டியது கலிஃபோர்னிய ஆலோசகர்தான் என்று நினைக்கிறேன். ஒவ்வொரு மாவட்ட ஆணையத்திலும் ஒரு மேஜை, மனுவைப் படித்துப் பார்த்து, "எதிர்த்தரப்புப் பெயர் தப்பு, இந்த ரசீதின் நகல் வேண்டும், இரண்டு வருடக் கெடு அடுத்த மாதம் முடிகிறது" என்று சொல்ல ஒருவர். நுகர்வோர் அமைப்புகள் சில ஊர்களில் இந்த வேலையைத் தங்கள் சக்திக்கு ஏற்பச் செய்துகொண்டிருக்கின்றன.

அதுவரை தமிழ்நாட்டில் யாராவது என்னைக் கேட்டால் சொல்வது இவ்வளவுதான். கேட்பது ஒன்றிரண்டு லட்சம், ஆவணம் தெளிவாக இருக்கிறது என்றால் வீட்டு ஆளை வைத்தே நடத்துங்கள். கையெழுத்திட்ட அதிகாரக் கடிதமும் அடையாள அட்டை நகலும் முதல் நாளே கொடுங்கள், ஆணையம் அனுமதித்ததைப் பதிவில் வரச் செய்யுங்கள், முக்கியமான வாய்தாக்களில் நீங்களும் போய் உட்காருங்கள். வீடு, நிலம், மருத்துவ அலட்சியம், நிபுணர் சாட்சி என்று போனால் வக்கீலைப் பாருங்கள். வழக்கை முடித்துத் தருகிறேன், வரும் தொகையில் இத்தனை சதவீதம் கொடுங்கள் என்று பேரம் பேசும் ஏஜென்ட் கிடைத்தால் காபி வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.